மறு: லாவா லாம்புக்குத் தமிழ்ச் சொல்

குழுவினருக்கு வணக்கம். கண்ணாடிக் குடுவைக்குள் மெழுகு உருண்டைகள் மெல்ல எழுந்து இறங்கும் அலங்கார விளக்குதான் லாவா லாம்ப். அதற்கு 'எழுமெழுகு விளக்கு' என்று நான் சொன்னதையொட்டி வந்த மடல்களுக்கெல்லாம் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

> 'எரிமலைக்குழம்பு விளக்கு' என்றே வைத்துவிடலாம். நீளம்தான், ஆனால் நேரடியாக இருக்கிறது.

நீளத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம் ஐயா. ஆனால் 'லாவா' (எரிமலைக்குழம்பு) என்பது ஒரு விற்பனைப் பெயர். எட்வர்ட் கிரேவன் வாக்கர் இங்கிலாந்தின் பூல் நகரிலிருந்து 1963-இல் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது வைத்த பெயர் 'ஆஸ்ட்ரோ'. விண்வெளி மோகம் பிடித்து ஆட்டிய காலம்; விளக்கும் ராக்கெட் மாதிரிதான் நிற்கும். அமெரிக்க உரிமையை வாங்கிய சிகாகோ வியாபாரிகள் 'லாவா லைட்' ஆக்கினார்கள். அவர்களுடைய விளம்பர உத்தியை நாம் ஏன் கலைச்சொல்லில் சுமக்க வேண்டும்?

> குமிழ் விளக்கு?

இலங்கையில் பல்புக்கே மின்குமிழ் என்றுதான் பெயர். குழப்பம் வரும். தவிர, உள்ளே காற்றுக் குமிழி எதுவும் இல்லை.

> நீங்கள் சொன்ன 'எழுமெழுகு விளக்கு' காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் மெழுகு இறங்கவும் செய்கிறதே?

நல்ல கேள்வி. உள்ளே நடப்பதைப் பார்ப்போம். பாரஃபின் மெழுகு நீரைவிட இலேசு. சும்மா விட்டால் எப்போதும் மேலேயே மிதக்கும். அதனால் அடர்த்தி மிகுந்த ஒரு பொருளைக் கலந்து, குளிர்ந்த நிலையில் நீரைவிடச் சற்றே கனமாக்குகிறார்கள். ஆரம்பத்தில் கார்பன் டெட்ராகுளோரைடு கலந்தார்கள். நச்சு என்பதால் பிறகு கைவிட்டார்கள். விளக்கைப் போட்டதும் ஒன்றும் ஆகாது. அப்புறம் அடியில் கெட்டியாகக் கிடந்த மெழுகு இளகி, கோணல்மாணலாகக் கூம்பு முளைக்கும். முழுக்க உருகியதும் நீரைவிட அதிகமாக விரிந்து, அடர்த்தி குறைந்து, உருண்டையாகப் பிய்ந்து எழும். உச்சியில் சூடு ஆறிச் சுருங்கி இறங்கும். இறங்கிய உருண்டைகள் தனித்தனியே நின்றுவிடாமல் ஒட்டிக்கொள்ள, அடியில் ஓர் உலோகச் சுருள். பரப்பு இழுவிசையை அது உடைத்துவிடும்.

ஆக, ஆறிய மெழுகு அடியில் கிடப்பதுதான் இயல்பு நிலை. எழுவதுதான் வெப்பத்தின் வேலை. எல்.இ.டி. பல்பை மாட்டிப் பாருங்கள், வெளிச்சம் வரும், மெழுகு அசையாது. அதோடு 'எழுமெழுகு' வினைத்தொகை: எழுந்த மெழுகு, எழுகின்ற மெழுகு, எழும் மெழுகு. இறங்கியதும் திரும்ப எழப்போவதுதானே.

> அலங்காரப் பொருள். இதற்கு இத்தனை மெனக்கெட வேண்டுமா?

குறியாக்கம் (தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றுவது) பற்றித் தமிழில் எழுதிப் பார்த்தால் தெரியும். இணையப் பாதுகாப்பு நிறுவனமான கிளவுட்ஃபிளேர் சான் பிரான்சிஸ்கோ அலுவலகத்தில் சுமார் 100 விளக்குகளைச் சுவரில் அடுக்கி, கேமராவால் படமெடுத்து, குறியாக்கத்துக்கு வேண்டிய சமவாய்ப்பு எண்கள் (யாரும் ஊகிக்க முடியாத எண்கள்) உருவாக்க அந்தப் படங்களையும் பயன்படுத்துகிறது. மெழுகு அடுத்து எந்த வடிவம் எடுக்கும் என்று யாராலும் கணித்துச் சொல்ல முடியாது என்பதுதான் காரணம். சிலிக்கன் கிராபிக்ஸ் நிறுவனத்தார் 1990-களிலேயே இதைச் செய்துவிட்டார்கள். இதை விளக்கும் கட்டுரையில் பத்தி தவறாமல் 'எரிமலைக்குழம்பு விளக்கு' வந்தால் யார் படிப்பார்கள்?

வேறு மறுப்பு இல்லையென்றால் 'எழுமெழுகு விளக்கு' என்று விக்சனரி இணைய அகராதியில் பக்கம் தொடங்குகிறேன். 'லாவா லாம்ப்' என்பதற்கும் ஒரு வழிமாற்று போட்டுவிடுவோம். தேடுபவர்கள் அதைத்தான் தட்டுவார்கள்.