எடிசன் டவுன்ஷிப், நியூ ஜெர்சி: குடும்பத்தோடு குடியேற எப்படிப்பட்ட ஊர்?

நெய்வேலிக்காரன் கேட்டது:

வணக்கம். என் மனைவிக்கு நியூ பிரன்ஸ்விக்கில் உள்ள ஒரு மருத்துவமனையில் வேலை உறுதியாகியிருக்கிறது. எனக்கு வாரத்தில் மூன்று நாள் மன்ஹாட்டனில் அலுவலகம். ஆகஸ்டில் வருகிறோம். மகளுக்கு ஒன்பது வயது. விசாரித்தவர்கள் எல்லாரும் "எடிசனுக்குப் போய்விடுங்கள்" என்கிறார்கள். ஏன் என்று கேட்டால், "அங்கே எல்லாம் கிடைக்கும்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

நான் நெய்வேலி டவுன்ஷிப்பில் பிறந்து வளர்ந்தவன். டவுன்ஷிப் என்றால் எனக்கு வட்டம் எண், குவார்ட்டர்ஸ், நிறுவனம் போட்ட சாலை, நிறுவனம் நடத்திய பள்ளி, வாசலில் பலாமரம். எடிசனும் அப்படி யாரோ திட்டமிட்டுக் கட்டிய குடியிருப்பா? படங்களில் பார்த்தால் கடைகளும் பெயர்ப்பலகைகளும்தான் தெரிகின்றன. ஊர் எங்கே இருக்கிறது என்பது எனக்குப் பிடிபடவில்லை. வாடகை விவரங்களை நானே தேடிக்கொள்வேன். அங்கே பல வருடங்கள் வாழ்ந்தவர்கள் அந்த ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ரயில்பயணி:

பயணத்தைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். நியூயார்க்கிலிருந்து வரும் ரயில் பாதையில் மெட்ரோபார்க், மெட்டுச்சன், எடிசன், நியூ பிரன்ஸ்விக் என்று நிலையங்கள் வரிசையாக வரும். உங்கள் மனைவி ஒரு திசையிலும் நீங்கள் எதிர்த்திசையிலும் போகலாம். வீடு பார்க்கும்போதே எந்த நிலையத்துக்கு நடந்து போக முடியும் என்று பாருங்கள். காரை நிலையத்தில் நிறுத்த இடம் கிடைப்பது ரயில் பிடிப்பதைவிடக் கடினம். ஓக் ட்ரீ சாலைக் கடைத்தெருவை எல்லாரும் எடிசன் என்றே சொல்வார்கள். அதில் ஒரு பகுதி ஐசலின். அது உட்பிரிட்ஜ் டவுன்ஷிப்பைச் சேர்ந்தது, அங்கே பள்ளி, வரி எல்லாமே வேறு. முகவரியைச் சரிபார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

வாசல்கோலம்:

நெய்வேலித் தம்பி, "ஊர் எங்கே இருக்கிறது" என்ற வரியைப் படித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். 1992 நவம்பரில் கைக்குழந்தையோடு இங்கே வந்து இறங்கியபோது நான் என் கணவரிடம் கேட்டதும் இதைத்தான். நான் கும்பகோணத்துக்காரி. எனக்கு ஊர் என்றால் நடுவே ஒரு கோயிலோ குளமோ இருக்க வேண்டும், அதைச் சுற்றி வீதிகள் இருக்க வேண்டும். எடிசனில் நடு என்று ஒன்று கிடையாது. நடுவில் இருப்பது மெட்டுச்சன் என்ற வேறு ஊர். 1900இல் தனியாகப் பிரிந்துபோனது. அழகான கடைவீதியும் ரயில் நிலையமும் அங்கே இருக்கின்றன. அதை நான்கு பக்கமும் சூழ்ந்திருப்பதுதான் எடிசன். மெதுவடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஓட்டை மெட்டுச்சன், வடை எடிசன்.

டவுன்ஷிப் என்ற சொல்லைக் கேட்டு நெய்வேலியை நினைக்காதீர்கள். நம் ஊரில் பேரூராட்சி, நகராட்சி என்று இருப்பதுபோல நியூ ஜெர்சியில் உள்ளாட்சிகளில் ஐந்து வகை உண்டு. அதில் ஒன்று டவுன்ஷிப். மேயரையும் மன்றத்தையும் மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். பள்ளிகளுக்குத் தனி வாரியம், அதற்கும் தேர்தல் உண்டு. சொத்து வரியை மூன்று மாதத்துக்கு ஒரு முறை கட்டுகிறோம், அதில் பெரும்பங்கு பள்ளிகளுக்குப் போகிறது. 1870இல் ராரிட்டன் டவுன்ஷிப் என்ற பெயரில் உருவான ஊர் இது. 1954இல்தான் எடிசன் என்று பெயர் மாறியது. பரப்பு சுமார் 30 சதுர மைல். 2020 கணக்கெடுப்பில் 1,07,588 பேர்.

உண்மையில் இது பல சிற்றூர்கள் ஒட்டிக்கொண்ட ஊர். ஸ்டெல்ட்டன், போன்ஹாம்டவுன், நிக்சன், ஓக் ட்ரீ, மென்லோ பார்க், கிளாரா பார்ட்டன். நிக்சன் என்றதும் குடியரசுத் தலைவரை நினைப்பீர்கள். அவர் அல்ல, லூயிஸ் நிக்சன் என்ற தொழிலதிபர். பழைய ஆட்களிடம் எங்கே குடியிருக்கிறீர்கள் என்று கேட்டால் எடிசன் என்று சொல்ல மாட்டார்கள், இந்தப் பெயர்களில் ஒன்றைத்தான் சொல்வார்கள். நான் 1998 முதல் கிளாரா பார்ட்டன்காரி.

இந்த ஊர் எனக்கு ஊரானது ஓர் இரவில். அப்போது நியூ டர்ஹம் பக்கம் ஒரு அடுக்கு வீட்டில் வாடகைக்கு இருந்தோம். 1994 மார்ச் 23, நள்ளிரவுக்குச் சற்று முன்பு. குழந்தைக்குக் காய்ச்சல் என்பதால் நான் விழித்திருந்தேன். முதலில் வந்தது சத்தம். விமானம் தலைக்கு மேல் நின்றுகொண்டு உறுமுவதுபோல, ஓயாமல். பிறகு திரைச்சீலை ஆரஞ்சு நிறமாக மாறியது. விளக்குப் போடாத அறையில் என் பையனின் முகத்தில் இருந்த மருந்துக் கறை வரை தெரிந்தது. ஜன்னல் கண்ணாடியில் கை வைத்தேன். மார்ச் மாதக் குளிரில் சில்லென்று இருக்க வேண்டிய கண்ணாடி வெதுவெதுவென்று இருந்தது.

டர்ஹம் வுட்ஸ் குடியிருப்பின் அருகே பூமிக்கடியில் போன 36 அங்குல எரிவாயுக் குழாய் வெடித்திருந்தது. முன்பு எப்போதோ தோண்டும் இயந்திரம் பட்டு உண்டான கீறல் விரிசலாகிவிட்டது என்று பின்னால் விசாரணையில் கண்டுபிடித்தார்கள். சுமார் 1,500 பேர் வீட்டைவிட்டு ஓடினார்கள். பலர் காலில் செருப்புகூட இல்லை. எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு போலந்துக்காரப் பாட்டி இருந்தார். அதுவரை அவரோடு நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. விடியற்காலையில் கதவைத் தட்டி, இரண்டு கைகளாலும் போர்வையைச் சுற்றுவதுபோலச் சைகை காட்டினார். இருந்த கம்பளிகளையும் என் கணவரின் சட்டைகளையும் எடுத்துக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன். தங்குமிடத்தில் எல்லா நிறத்து மனிதர்களும் காகிதக் கோப்பையில் காப்பியோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு குஜராத்திப் பெண் என் கம்பளியை வாங்கிப் பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரக் கிழவரின் முழங்காலில் போர்த்தினார். அன்றைக்கு மாலை வரை நான் அங்கேயே இருந்தேன்.

பிறகு கிளாரா பார்ட்டனில் சின்ன வீடு வாங்கினோம். பக்கத்து வீட்டுக்காரர், ரூட் 1 என்ற நெடுஞ்சாலையில் இருந்த ஃபோர்டு கார் ஆலையில் வேலை பார்த்தவர். 1948இல் தொடங்கிய ஆலை அது. 2004 பிப்ரவரியில் மூடிவிட்டார்கள். அந்த வாரம் பனி கொட்டியிருந்தது. காலையில் தன் வாசலில் பனி அள்ளத் தொடங்கியவர் அதோடு நிற்கவில்லை. எங்கள் வாசல், அதற்கடுத்த இரண்டு வாசல்கள், தெருமுனை வரைக்கும் அள்ளிக்கொண்டே போனார். நான் வெந்நீரில் தேன் கலந்து எடுத்துப் போனேன். குடித்துவிட்டு, கோப்பையைத் தந்துவிட்டு, மறுபடியும் மண்வெட்டியை எடுத்தார். இன்று அந்த ஆலை இருந்த இடத்தில் கடைகள். கடந்து போகும்போதெல்லாம் எனக்கு அந்த மண்வெட்டிச் சத்தம்தான் கேட்கிறது.

"இந்தியர்களின் ஊர்" என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். நம்மவர்கள் மிகப் பலர் என்பது உண்மை. ஆனால் இந்த இடம் சும்மா கிடைத்துவிடவில்லை. 1990களில் இங்கே பெரிய அளவில் நடந்த நவராத்திரிக் கொண்டாட்டத்துக்கு டவுன்ஷிப் நேரக் கட்டுப்பாடு விதித்தது. அந்த வழக்கு கூட்டாட்சி நீதிமன்றம் வரை போனது. 2006இல் கொரிய வம்சாவளியைச் சேர்ந்த ஜுன் சோய் மேயரானார். 2022இல் இந்திய வம்சாவளியைச் சேர்ந்த சாம் ஜோஷி பதவியேற்றார். இடையில் இருந்த வருடங்களில் மன்றக் கூட்டங்களுக்குப் போய் உட்கார்ந்தவர்களையும், வீடு வீடாகக் கதவைத் தட்டியவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். கடைத்தெருவில் சுண்டைக்காய் வற்றல் கிடைப்பது எனக்கும் பெரிய சந்தோஷம்தான். அதை மட்டும் பார்த்துவிட்டு இதுதான் எடிசன் என்று யாராவது சொன்னால் மனசு பொறுப்பதில்லை.

தெற்கு எடிசன் பொண்ணு:

வாசல்கோலம் ஆன்ட்டி எழுதியதைப் படித்து அழுதுவிட்டேன். நான் இங்கே வளர்ந்தவள். தமிழ் எழுதக் கற்றது வாரக்கடைசித் தமிழ்ப் பள்ளியில், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணா, ஒன்று சொல்லவேண்டும். வடக்குப் பக்கம் உள்ள உயர்நிலைப் பள்ளியின் எல்லைக்குள்தான் வீடு வேண்டும் என்று பலர் உங்களுக்கு அறிவுரை சொல்வார்கள். நான் தெற்கே இருக்கும் எடிசன் உயர்நிலைப் பள்ளியில் படித்தேன். மதிய உணவு மேசையில் என் இரண்டு பக்கமும் ஒரு பிலிப்பைன்ஸ் பெண்ணும் ஒரு டொமினிக்கன் பையனும் உட்காருவார்கள். என் தயிர்சாதத்துக்கு அவர்களே ஊறுகாய் கேட்பார்கள். நன்றாகப் படித்தேன், இப்போது ஆசிரியராக இருக்கிறேன். மகளுக்கு ஒன்பது வயதுதான். அவள் நடந்து போகக்கூடிய ஒரு தொடக்கப் பள்ளியும், பக்கத்தில் ஒரு பூங்காவும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கோடையில் ரூஸ்வெல்ட் பூங்காவின் திறந்தவெளி மேடையில் இசை நாடகங்கள் நடக்கும். மடக்கு நாற்காலி எடுத்துக்கொண்டு போனால் பாதி ஊரையும் அங்கே பார்க்கலாம்.

நெய்வேலிக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. வாசல்கோலம் அம்மா, உங்கள் பதிலை மனைவிக்கும் மகளுக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். மகள் கேட்கிறாள், பல்பு கண்டுபிடித்த எடிசன் அங்கேதான் இருந்தாரா, அந்த வீட்டைப் பார்க்க முடியுமா என்று.

எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. நான் வாடகைக்கு வருபவன். குடியுரிமை இல்லை, ஓட்டு இல்லை. நெய்வேலியில் அப்பா ஓய்வுபெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்தோம். சாவியைக் கொடுத்த நாளிலிருந்து அது எங்கள் ஊர் இல்லை என்று ஆகிவிட்டது. இங்கேயும் அப்படி விருந்தாளியாகத்தான் இருக்க முடியுமா?

வாசல்கோலம்:

முதலில் குழந்தையின் கேள்வி. ஆமாம் கண்ணு, இங்கேதான். 1876இல் மென்லோ பார்க்கில் ஆய்வுக்கூடம் அமைத்தார். ஒலியைப் பதிவு செய்யும் ஃபோனோகிராஃப் 1877இல், மின்விளக்கு 1879இல். அந்த வருடம் டிசம்பர் கடைசியில் விளக்குகளைப் பார்க்க மக்கள் சிறப்பு ரயில்களில் வந்து குவிந்தார்கள். உன் அப்பா வேலைக்குப் போகப்போகும் அதே வழித்தடம். கிறிஸ்டி தெரு உலகிலேயே முதலில் மின்விளக்கு எரிந்த தெருக்களில் ஒன்று. ஆய்வுக்கூடம் இப்போது அங்கே இல்லை. ஹென்றி ஃபோர்டு அதை மிச்சிகனில் மறுபடியும் எழுப்பிவிட்டார், இங்கிருந்த செம்மண்ணைக்கூட அள்ளிக்கொண்டு போனார். இங்கே மிஞ்சியிருப்பது ஒரு சின்ன அருங்காட்சியகமும், 1938இல் திறந்த 131 அடி உயரக் கோபுரமும். கோபுரத்தின் உச்சியில் ஓர் ஆளைவிட இரண்டு மடங்கு உயரத்தில் ஒரு பல்பு இருக்கிறது. இருட்டியதும் போய்ப் பார்க்க வேண்டும்.

தம்பி, இப்போது உங்கள் கேள்வி. எங்கள் தெருவிலிருந்து பஸ் நிற்கும் இடத்துக்குப் போகும் வழியில் ஒரு வளைவு இருக்கிறது. முன்பு அங்கே விளக்கு இல்லை. குளிர்காலத்தில் நாலரை மணிக்கே இருட்டிவிடும். 1999இல் நான் மன்றக் கூட்டத்துக்குப் போனேன். அப்போது எனக்கும் ஓட்டு கிடையாது. பொதுமக்கள் பேசும் நேரம் வந்ததும் ஒலிவாங்கி முன்னால் நின்று பெயரையும் தெருவையும் சொன்னேன். கால் நடுங்கியது. காகிதத்தில் எழுதி வைத்திருந்த நான்கு வாக்கியங்களை வாசித்தேன். ஒருவரும் என்னிடம் குடியுரிமை இருக்கிறதா என்று கேட்கவில்லை. எந்தக் கம்பத்துக்கு அருகில் என்று மட்டும் கேட்டார்கள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மறுநாள் நானும் பக்கத்து வீட்டுக்காரரும் நடந்து போய்க் கம்பத்தில் அடித்திருந்த எண்ணைக் குறித்துக்கொண்டு வந்தோம். மூன்று கூட்டங்கள் போனேன். அடுத்த தீபாவளிக்கு முன்னால் விளக்கு எரிந்தது. இன்றைக்கும் அந்த வளைவைக் கடக்கும்போது நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் போகிறேன்.

வந்ததும் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். செப்டம்பர் தொடக்கத்தில் பள்ளி திறந்துவிடும். குழந்தையின் தடுப்பூசி அட்டையையும் பிறப்புச் சான்றிதழையும் பெட்டியில் போடாமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். கார் இல்லாமல் முதல் இரண்டு மாதம் சிரமமாக இருக்கும். ரயில்பயணி சொன்னபடி நிலையத்துக்குப் பக்கத்தில் வீடு பாருங்கள். முதல் வாரமே மகளை நூலகத்துக்கு அழைத்துப் போங்கள். பிளெயின்ஃபீல்ட் அவென்யூவில் பெரியது இருக்கிறது, எங்கள் பக்கம் ஹூவர் அவென்யூவில் சின்னது. சின்னதற்கு வந்தால் அங்கிருந்து எங்கள் வீடு நடக்கும் தூரம்தான். முன்கூட்டியே இங்கே எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள், இட்லிக்கு மாவு அரைத்து வைக்கிறேன். நூலக அட்டைக்கு முகவரிச் சான்று கேட்பார்கள், வாடகை ஒப்பந்தத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வாருங்கள்.