புதுப்பிப்பு: மலைச்சபையும் ஆற்றுச்சபையும் ஏன் பிரிந்தன

என் கற்பனை உலகில் ஒரே கடவுளைக் கும்பிடும் இரண்டு சபைகள் எதற்காகப் பிரியலாம் என்று போன கிழமை கேட்டிருந்தேன். பலர் போர் என்றீர்கள்.

விடை கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டு மேசையிலேயே கிடைத்தது. அம்மம்மாவின் கத்தோலிக்க விவிலியத்தில் 73 நூல்கள். புரட்டஸ்தாந்துப் பிரிவான மெதடிஸ்த சபையைச் சேர்ந்த நண்பன் கொண்டுவந்ததில் 66. அதில் இல்லாத தோபித்து நூலை அவன் வாசித்ததே இல்லை. அம்மம்மா அந்தப் பக்கத்தைத் தடவிக்கொண்டே, "இதில வாற நாயைக்கூட எனக்குப் பிடிக்கும்" என்றார்.

அப்புறம் 1054இல் மேற்கு, கிழக்குத் திருச்சபைகள் பிரிந்த பிளவு. தூய ஆவி தந்தையிடமிருந்து வருகிறார் என்ற விசுவாச அறிக்கை வரியில் 'மகனிடமிருந்தும்' என்று மேற்குத் திருச்சபை சேர்த்ததும் அதற்கு ஒரு காரணம். லத்தீனில் ஒரே சொல்!

சரி, போர் என்ற காரணத்தைக் கைவிட்டேன். ஆற்றுச்சபை ஒரு விதவையின் பாடல்களை வேதமாக வைத்திருக்கிறது, மலைச்சபை நீக்கிவிட்டது. ஆனாலும் மலைக் கிழவிகள் அடக்கத்தின்போது அதையே பாடுகிறார்கள்.