மூங்கில் வீட்டுக் கைமரங்களிலிருந்து மாவு போலத் தூள் கொட்டுகிறது: பிரித்துவிட வேண்டுமா, காப்பாற்ற வழி உண்டா?

தூறல் எழுதியது:

வணக்கம். நானும் தம்பியும் சேர்ந்து ஒரு சிறிய மூங்கில் வீடு கட்டினோம். ஒரு கூடம், ஓர் அறை, ஓலைக் கூரை. குடிவந்து நான்கு மாதம் ஆகிறது. ஆண்டில் பாதி நாள் மழையும் மீதி நாள் புழுக்கமுமாக இருக்கும் இடம் இது.

மூன்று வாரமாகக் காலையில் எழுந்தால் தரையில் வெளிர்மஞ்சள் தூள் சிறு குவியலாகக் கிடக்கிறது. கூட்டினால் மறுநாள் அதே இடத்தில் மீண்டும் கிடக்கிறது. பதினான்கு கைமரங்களில் ஐந்திலிருந்து கொட்டுகிறது. இரவில் விளக்கை அணைத்த பிறகு காதை வைத்துக் கேட்டால் உள்ளே நறநறவென்று ஒலி வருகிறது. குண்டூசி நுழையும் அளவில் வட்ட ஓட்டைகள் தெரிகின்றன.

வேறு இரண்டு குறைகளும் உண்டு. ஒரு தூணில் போல்ட் போட்ட இடத்திலிருந்து நெடுக்காக ஒரு சாண் நீளத்துக்கு வெடித்திருக்கிறது. எல்லாத் தூண்களின் அடியும் கறுத்துக்கொண்டு வருகிறது.

மருந்து போடாமல் கட்டவில்லை. வெண்காரமும் போரிக் அமிலமும் கரைத்துத் தூரிகையால் மூன்று முறை பூசினோம். எங்கே தவறினோம்? வீட்டைப் பிரிக்காமல் காப்பாற்ற முடியுமா? தயவுசெய்து தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கணு எழுதியது:

அம்மா, சில விவரங்கள் வேண்டும். தூளை விரல்களுக்கு இடையே தேய்த்துப் பாருங்கள். மாவு போல வழுவழுப்பாக இருக்கிறதா, அல்லது கசகசா போலத் தனித்தனி மணியாக உருள்கிறதா? மணியாக இருந்தால் அது மரத்துக்குள்ளேயே வாழும் உலர்மரக் கறையானின் எச்சம். அதற்கான வைத்தியம் வேறு.

எந்தப் பருவத்தில் வெட்டினீர்கள், மூங்கிலுக்கு என்ன வயது, வெட்டி எத்தனை நாள் கழித்துக் கட்டினீர்கள்? தூண்களின் அடி எதில் நிற்கிறது? கூரை சுவரைத் தாண்டி எவ்வளவு நீண்டிருக்கிறது?

---

தூறல் எழுதியது:

முகத்துக்குப் போடும் பவுடரைப் போல இருக்கிறது ஐயா, மணியே இல்லை.

மழை தொடங்கிய பிறகு, புதரில் முளைகள் கிளம்பிக்கொண்டிருந்த நேரத்தில் வெட்டினோம். வயது பார்க்கத் தெரியவில்லை. பளிச்சென்ற பச்சையாகவும் நேராகவும் இருந்தவற்றைத் தேர்ந்தெடுத்தோம். சிலவற்றில் கணுவுக்கு அடியில் வெள்ளைப் பூச்சு இருந்தது. இரண்டு வாரம் வெயிலில் சாய்த்து வைத்து, பிறகு மருந்து பூசிக் கட்டிவிட்டோம். தூண்களைக் குழியில் நிறுத்திக் கான்கிரீட் ஊற்றினோம். கூரை அரை மீட்டர்தான் வெளியே நீண்டிருக்கிறது.

---

கணு எழுதியது:

மூங்கிலைக் குடைந்து மாவாக்கும் உளுவண்டுதான். வீட்டைப் பிரிக்க வேண்டியதில்லை. ஆனால் நடந்தது என்ன என்று புரிந்துகொண்டால்தான் அடுத்த வேலை சரியாக வரும்.

இந்த வண்டு தேடி வருவது மூங்கிலுக்குள் இருக்கும் மாவுச்சத்தை. முளை கிளம்பும் பருவத்தில், அதை வளர்ப்பதற்கென்று தாய்மரங்களில் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து நடமாட்டத்தில் இருக்கும். அப்போது வெட்டியதோடு, வெள்ளைப் பூச்சு மறையாத இளம் மரங்களையும் எடுத்திருக்கிறீர்கள். வீடு கட்ட ஏற்றது மூன்று முதல் ஐந்து வயது மூங்கில். அதன் பச்சை மங்கியிருக்கும், தோலில் சாம்பல் நிறப் பாசித் திட்டுகள் படிந்திருக்கும், தட்டினால் கணீரென்று ஒலிக்கும். பார்வைக்கு அழகாக இருப்பது பெரும்பாலும் முற்றாத மரம்.

இனி மருந்து. நீங்கள் தேர்ந்தெடுத்த மருந்து சரியானது, போட்ட விதம்தான் பயன்படவில்லை. மூங்கிலின் வெளித்தோல் மெழுகும் சிலிக்கா என்ற மணல்சத்தும் சேர்ந்த கவசம். மற்ற மரங்களில் பட்டையிலிருந்து உள்நோக்கிக் குறுக்காக ஓடும் திசு உண்டு. மூங்கிலில் அது கிடையாது. குழாய்கள் எல்லாம் நெடுக்காகவே ஓடுகின்றன. ஆகவே தோலின் மேல் முப்பது முறை பூசினாலும் உள்ளே இறங்காது. வண்டோ வெட்டிய முனை வழியாகவும், கிளை ஒடித்த தழும்பு வழியாகவும், வெடிப்பு வழியாகவும் புகுந்துவிடுகிறது. மருந்தும் அந்த வழியில்தான் போயாக வேண்டும்.

செய்ய வேண்டியது இது. ஒவ்வொரு கைமரத்தையும் சுத்தியலின் மரப்பிடியால் முனைக்கு முனை தட்டிக் கேளுங்கள். பொத்தென்று ஒலித்து, ஆணியை அழுத்தினால் உள்ளே இறங்கும் மரத்தை மாற்றத்தான் வேண்டும். முட்டுக் கொடுத்துவிட்டு ஒவ்வொன்றாக மாற்றுங்கள்.

உறுதியாக உள்ளவற்றில், ஒவ்வொரு கணுவிடையிலும் (இரண்டு கணுக்களுக்கு நடுவிலுள்ள குழாய்ப் பகுதி) மேல்பக்கம் 4 மில்லிமீட்டர் துளை ஒன்று போடுங்கள். 10 லிட்டர் வெந்நீரில் 600 கிராம் வெண்காரம், 400 கிராம் போரிக் அமிலம் கரைத்து, பெரிய ஊசிக் குழலால் உள்ளே செலுத்தி, துளையை மெழுகால் அடையுங்கள். இரண்டையும் சேர்த்துக் கரைப்பதற்குக் காரணம் உண்டு. தனித்தனியே கரையும் அளவைவிடச் சேர்ந்தால் கூடுதலாகக் கரையும். ஒரு வாரம் கழித்து மறுபடி செலுத்துங்கள். வெட்டுமுனைகளையும் வெடிப்புகளையும் கரைசலால் நன்றாக நனையுங்கள். வண்டு துளைத்த ஓட்டைகள் வழியாகக் கொஞ்சம் ஒழுகும். கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள். மிச்சத்தைச் செடிகளுக்கு அருகே கொட்டாதீர்கள், இந்த இரண்டு மருந்திலும் உள்ள போரான் மிகுந்தால் செடி கருகிவிடும்.

---

ஆற்றங்கரை எழுதியது:

எங்கள் வீட்டில் எஞ்சின் எண்ணெயும் மண்ணெண்ணெயும் கலந்து பூசுவோம். வண்டு வராது. செலவும் குறைவு.

---

கணு எழுதியது:

ஆற்றங்கரை அவர்களே, வேலிக்கும் பந்தலுக்கும் பலர் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் இது ஓலைக் கூரைக்கு அடியில் மனிதர்கள் உறங்கும் வீடு. எரியக்கூடிய எண்ணெயைக் கைமரத்தில் ஊறவைப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். அதுவும் தோலைத் தாண்டி உள்ளே இறங்காது, நாற்றம் மட்டும் பல மாதம் நிற்கும். தூறல் அவர்களே, இதைச் செய்யாதீர்கள்.

---

உளிச்சத்தம் எழுதியது:

மருந்து வேலையைக் கணு ஐயா சொல்லிவிட்டார். நான் தச்சு வேலை செய்பவன், தூணைப் பற்றிச் சொல்கிறேன்.

மூங்கில் காயும்போது சுற்றளவில் சுருங்கும். இரண்டு வார வெயில் அதை உலர்த்தாது. ஈரம் உள்ளேயே நின்று மேல்தோல் மட்டும் வேகமாகக் காய்ந்து வெடிப்புக்கு வழி செய்துவிடும். நிழலில், தரையில் படாமல், காற்றோட்டமாக இரண்டு மூன்று மாதம் நிற்க வேண்டும். ஈர மூங்கிலில் போல்டை இறுக்கிவிட்டீர்கள். மரம் சுருங்கியது, போல்ட் அசையவில்லை, நார் பிளந்துகொண்டது. போல்ட் கணுவிடையின் நடுவில் இருக்கிறது என்றும் நினைக்கிறேன். அந்த இடம் வெறும் குழாய், நசுங்கும். மூட்டு எப்போதும் கணுவை ஒட்டி வர வேண்டும்.

சீர்செய்யலாம். முதலில் உத்திரத்துக்கு முட்டுக் கொடுங்கள். வெடிப்பின் இரு முனைகளிலும் நடுவிலும் திருகி இறுக்கும் இரும்புப் பட்டை மூன்று போடுங்கள். பிறகு அந்தக் கணுவிடையின் மேல்புறத்தில் ஒன்றரை விரல் அகலத் துளை போட்டு, உள்ளே தண்ணீர் தெளித்து, ஒரு பங்கு சிமென்டும் மூன்று பங்கு மணலும் சேர்ந்த இளக்கமான கலவையை நிரப்புங்கள். போல்ட் செல்லும் கணுவிடையில் மட்டும் நிரப்பினால் போதும். எல்லாவற்றிலும் ஊற்றினால் பாரம்தான் கூடும். ஒரு வாரமாவது இறுகவிட்டு முட்டை எடுங்கள். வாஷர் அகலமாக இருக்கட்டும்.

எனக்கு உங்கள் வண்டைவிடத் தூண் அடிகள்தான் பெரிய கவலை. கான்கிரீட்டுக்குள் புதைந்த மூங்கில் நீரை உறிஞ்சிக்கொண்டு காயவே காயாது. சில ஆண்டுகளில் மட்கிவிடும், பார்வைக்குத் தெரியாமலே. போரானும் நீரில் கரையும் மருந்து என்பதால் மழைபட்டால் வெளியேறிவிடும்; தரையைத் தொடும் மூங்கிலை அது காக்காது. ஒவ்வொரு தூணாக முட்டுக் கொடுத்து, தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் அறுத்துவிடுங்கள். அடியில் கான்கிரீட் பீடம் எழுப்பி, அதிலிருந்து ஓர் இரும்புக் கம்பியைத் தூணின் கடைசிக் கணுவிடைக்குள் நுழைத்து, கலவை நிரப்புங்கள். காற்றில் வீடு தூக்கிக்கொள்ளாமல் இருக்க அந்தக் கம்பியோடு தூணைக் குறுக்குப் போல்டால் பிணைக்க வேண்டும். பீடத்தின் மேல்பரப்பு நீர் தேங்காதபடி சரிந்திருக்கட்டும்.

இறவாரத்தை ஒரு மீட்டருக்குக் குறையாமல் நீட்டுங்கள். சாரல் தூணில் படும்வரை எந்த மருந்தும் நிற்காது. இவ்வளவு தூண்களையும் மாற்றுவதால், மூங்கில் கட்டுமான வடிவமைப்புக்கான ஐ.எஸ்.ஓ 22156 தரநிலை அறிந்த பொறியாளர் ஒருவர் ஒருமுறை நேரில் பார்ப்பது நல்லது.

---

தூறல் எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. புதிய கைமரங்களுக்கு நான் என்ன செய்ய வேண்டும்? குளத்தில் ஊறப்போட்டால் போதும் என்கிறார்கள்.

---

கணு எழுதியது:

தண்ணீரில் சில வாரம் மூழ்கிக் கிடந்தால் சர்க்கரையும் மாவுச்சத்தும் ஓரளவு வெளியேறும், வண்டின் தாக்குதல் குறையும். ஆனால் மருந்து ஏறாது. நீங்கள் தொட்டியில் ஊறவையுங்கள். நீண்ட கம்பியால் கணுத் தடுப்புகளை எல்லாம் குத்தித் திறந்துவிட்டு, 100 லிட்டருக்கு 3 கிலோ வெண்காரம், 2 கிலோ போரிக் அமிலம் என்ற கணக்கில் கரைத்து, மரம் மிதக்காதபடி கல் வைத்து, பத்து முதல் பதினான்கு நாள் மூழ்கவிடுங்கள். வெட்டிய சில நாட்களுக்குள், மரம் பச்சையாக இருக்கும்போதே போட்டுவிடுங்கள்.

வாங்கும் முன் வெட்டுமுகத்தில் அயோடின் ஒரு சொட்டு விடுங்கள். கருநீலமாக மாறினால் மாவுச்சத்து நிறைய உள்ள மரம், விட்டுவிடுங்கள். மருந்து ஏறியதா என்று பார்க்கவும் ஒரு சோதனை உண்டு: மஞ்சளை ஆல்கஹாலில் ஊறவைத்து வடித்த சாற்றைக் குறுக்குவெட்டில் பூசி, அது காய்ந்ததும் சாலிசிலிக் அமிலம் கலந்த நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத் தெளித்தால், போரான் உள்ள இடம் சிவக்கும். அமிலம் என்பதால் ஆய்வகப் பழக்கம் உள்ளவரிடம் கொடுத்துச் செய்யுங்கள்.

---

தூறல் ஏழு வாரம் கழித்து எழுதியது:

மூன்று கைமரங்களை மாற்றிவிட்டோம். இரண்டு தூண்கள் பீடத்தில் ஏறிவிட்டன. தம்பி மீதி நான்கையும் மழைக்கு முன் முடித்துவிடுவான்.

வேதியியல் ஆசிரியையான தோழி அந்தச் சோதனையைச் செய்து காட்டினாள். கழற்றிய பழைய கைமரத்தின் துண்டில் தோலின் விளிம்பில் மட்டும் நூல் போல ஒரு சிவப்புக் கோடு. உள்ளே முழுவதும் மஞ்சள். அந்த மஞ்சளுக்குள்தான் வண்டு குடைந்த பாதைகள் எல்லாம் ஓடின. தொட்டியில் ஊறிய புதிய துண்டோ உள்சுவரிலிருந்து தோல்வரை சிவந்தது. மூன்று நாள் தூரிகை பிடித்த கை இது, அந்த இரண்டு துண்டுகளையும் அருகருகே வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. ஊசி போட்ட இரண்டு கைமரங்களில் தூள் குறைந்திருக்கிறது, ஆனால் நிற்கவில்லை. மருந்து வேலை செய்யவில்லையா?

---

கணு எழுதியது:

பதறாதீர்கள் அம்மா. உள்ளே ஏற்கெனவே வளர்ந்துவிட்ட வண்டுகள் வெளியேறும்போது கொஞ்சம் தூள் தள்ளும். பழைய பாதைகளில் தங்கிய தூளும் கூரை அசைந்தால் உதிரும். இன்று இருக்கும் ஓட்டைகளைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போடுங்கள், அடியில் கறுப்புத் துணி விரியுங்கள். வட்டமில்லாத புதிய ஓட்டை எத்தனை என்று வாரம் ஒருமுறை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குப் பிறகும் எண்ணிக்கை கூடினால் அந்தக் கணுவிடையில் மட்டும் மறுபடி ஊசி போடுங்கள். அப்போதும் நிற்காவிட்டால் அந்த மரத்தையும் மாற்றிவிடலாம்.