வேர் பிடித்து நிற்கும் சுவர்கள்: நேரில் கண்டவர்களின் அனுபவங்கள்

தொடக்கப் பதிவு

அந்தமானின் ராஸ் தீவில் ஒரு முற்பகல் முழுவதும் நடந்தேன். 2018 முதல் அது நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்று வழங்கப்படுகிறது. ஆங்கிலேயரின் நிர்வாகத் தலைமையிடமாக இருந்த அத்தீவு, 1941 ஜூன் நிலநடுக்கத்தில் சேதமுற்று, அடுத்த ஆண்டு ஜப்பானியர் வசமாகி, பின்னர் குடியிருப்பவர் யாருமின்றிப் போனது. தேவாலயத்திலும் பிற கட்டடங்களிலும் சுவர்கள் மட்டுமே நிற்கின்றன. அவற்றின் மேல் அத்தி, ஆல் இனத்து மரங்கள் ஏறி அமர்ந்திருக்கின்றன. ஓரிடத்தில் வேர் ஒன்று சன்னலின் மேல்விளிம்பு வரை இறங்கி, அங்கே இரண்டாகப் பிரிந்து, சட்டம் இருந்த இடத்தைச் சுற்றி வளைந்து, கீழே மீண்டும் ஒன்றாகியிருந்தது. மரச்சட்டம் மக்கிப்போய்விட்டது; அதன் வடிவத்தை வேர் வைத்திருக்கிறது. அதன் முன் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. அழகு என்றுதான் முதலில் தோன்றியது. சற்றுப் பொறுத்தே அச்சம் வந்தது.

முதல் மறுமொழி

தாங்கள் கண்ட வேர் மண்ணிலிருந்து மேலே ஏறியதன்று, மேலிருந்து இறங்கியது. பறவைகள் பழத்தைத் தின்று எச்சமிடும்போது, ஈரத்தைத் தேக்கிவைக்கும் பழைய சுண்ணாம்புக் காரையின் விரிசலில் விதை முளைத்து, மயிரிழை போன்ற வேரைத் தரையை நோக்கி அனுப்புகிறது. மண்ணைத் தொட்டபின் அது பருக்கத் தொடங்குகிறது, கற்கள் விலகுகின்றன. விலக்கிய கற்களையே அது இறுகப் பிடித்தும் கொள்வதால், வெட்டினால் சுவர் சரியும், விட்டாலும் ஒரு நாள் சரியும். கம்போடியாவில், 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கெமர் மன்னர் ஏழாம் ஜெயவர்மன் எழுப்பிய தா புரோம் கோயிலில் இதே இக்கட்டைக் கண்டேன். மரங்கள் சூழ்ந்த அதன் தோற்றத்தைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவைப்பது என்று தொல்லியலாளர்கள் முடிவு செய்தனர். ஆனால் அங்கே இப்போது இரும்புத் தாங்கிகளும் மரத்துக்கு முட்டுக்கொடுக்கின்றன. அவை படத்தில் விழாதபடி நகர்ந்து நின்றே எல்லோரும் படமெடுக்கிறார்கள், நான் உட்பட. ராஸ் தீவில் புதிய நாற்றுகள் ஏதேனும் கண்ணில் பட்டனவா?

இரண்டாம் மறுமொழி

நான் சென்ற இடத்தில் பச்சையே இல்லை. நமீபியாவின் கோல்மன்ஸ்கோப், 1908-இல் அருகே வைரம் கிடைத்ததால் எழுந்து, 1956-க்குள் முற்றிலும் கைவிடப்பட்ட ஊர். அங்கே வீடுகளுக்குள் வாழ்வது மணல்தான். பாதி திறந்த கதவொன்றை மணல் அப்படியே புதைத்துவைத்திருந்தது. அதைத் திறக்கவும் முடியாது, மூடவும் முடியாது. உள்ளே என் காலடித் தடங்களைத் தவிர ஒழுங்கற்றது எதுவும் இல்லை.

தொடக்கப் பதிவரின் பதில்

நாற்றுகளைக் கேட்டிருந்தீர்கள். நினைவில் இல்லாததால் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தூய்மையாக இருக்கிறதே என்று நான் எண்ணி, மரமே இல்லாத ஒரு சுவரைப் படமெடுத்திருக்கிறேன். அதன் உச்சி விரிசலில் மூன்று இலைகள் தெரிகின்றன.