தேடிப் போய்க் குடித்த பியர்கள்: பெல்ஜியத்தில் எங்கள் அனுபவங்கள்

பிரசல்ஸிலிருந்து

கான்டியோன் பியர் ஆலைக்கு முதல்முறை போனபோது தவறான முகவரிக்கு வந்துவிட்டோமோ என்று வாசலிலேயே நின்றுவிட்டேன். பிரசல்ஸ் தெற்கு ரயில் நிலையத்திலிருந்து சுமார் பத்து நிமிட நடை. ஆன்டெர்லெக்ட் பகுதியின் சாதாரணத் தெரு. இரண்டு பக்கமும் வீடுகள், நடுவே வண்டிக் கொட்டகைக்கு வைப்பது போன்ற ஒரு பெரிய கதவு. உலகத்தின் பல மூலைகளிலிருந்து ஆட்கள் தேடி வரும் இடம் அந்தக் கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது.

உள்ளே அரை இருட்டு, ஈர மரத்தின் வாசனை. 1900-இல் தொடங்கிய குடும்பத் தொழில் இது. 1978 முதல் ஆலையையே அருங்காட்சியகமாகவும் திறந்து வைத்திருக்கிறார்கள். பீப்பாய்களுக்கு மேலே சிலந்தி வலைகள் தொங்கின. அவற்றைத் துடைப்பதில்லை. பழ வாசனைக்கு வரும் சிறு ஈக்களைச் சிலந்திகள் பிடித்துவிடும் என்பதால் அவற்றையும் வீட்டு ஆட்களாக வைத்திருக்கிறார்கள்.

சுற்றிப் பார்த்து முடித்ததும் ஒரு மண்ஜாடியிலிருந்து சிறு கண்ணாடிக் குவளையில் லாம்பிக் என்னும் தங்கள் பியரை ஊற்றித் தந்தார்கள். நுரை இல்லை, குமிழி இல்லை, வைக்கோல் நிறம். ஒரு வாய் குடித்தேன். தாடை கூசியது. என் பாட்டி மண்பானையில் ஊற்றி வைக்கும் நீராகாரத்தின் புளிப்பு, அதன் பின்னால் எலுமிச்சைத் தோலின் கசப்பு, எல்லாவற்றுக்கும் அடியில் மழையில் நனைந்த வைக்கோற்போரின் வாசனை. பியர் என்று அதுவரை நான் குடித்துவந்ததற்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. பாதியில் குவளையைக் கீழே வைத்தேன். பிறகு எடுத்தேன். மீதியைக் குடித்து முடித்தபோது இன்னொன்று வேண்டும் என்றிருந்தது.

எப்படிச் செய்கிறார்கள் என்பதை நம் ஆட்களுக்கு விளக்குவது எளிது. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். யாரும் ஈஸ்ட் வாங்கிப் போடுவதில்லை; கலயத்திலும் காற்றிலும் இருப்பதே வேலையைச் செய்துவிடும். லாம்பிக்கும் அப்படித்தான். முளைகட்டிய பார்லியையும் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கோதுமையையும் ஊறவைத்து வடித்த சாற்றை, பல ஆண்டுகள் பழசான ஹாப்ஸ் (பியரில் சேர்க்கும் ஒரு கொடியின் பூ) போட்டு மணிக்கணக்கில் கொதிக்கவைக்கிறார்கள். பிறகு கூரைக்கு அடியில் இருக்கும் அகலமான, ஆழமில்லாத செம்புத் தொட்டிக்கு ஏற்றி ஓர் இரவு முழுக்கத் திறந்தே விடுகிறார்கள். கூரை இடுக்குகள் வழியாக வரும் குளிர்காற்று சாற்றை ஆற்றும். நுண்ணுயிர்களும் வந்து சேரும். காலையில் அது மரப்பீப்பாய்க்குப் போகிறது. அங்கே ஒரு வருடம், இரண்டு வருடம், மூன்று வருடம். இந்த மூன்று வயதுகளையும் கலந்து புட்டியில் அடைத்து, அங்கே மறுபடியும் நொதிக்கவிட்டால் கூஸ்.

அதனால்தான் இது அரிது. அக்டோபர் முதல் ஏப்ரல் வரை, இரவு போதுமான அளவு குளிர்ந்தால் மட்டுமே காய்ச்ச முடியும். எத்தனை பேர் வரிசையில் நின்றாலும் ஒரு பீப்பாயை மூன்று மாதத்தில் மூன்று வயதாக்க முடியாது.

நான் போனது அக்டோபரில். அந்தப் பருவத்து ஃபூஃபூன் வந்திருந்தது. ஆப்ரிகாட் பழம் ஊறவைத்த லாம்பிக் அது. இணையத்தில் இதற்காகத் தவம் கிடப்பவர்களை நான் அறிவேன். வீட்டுக்கு எடுத்துப் போகக் கிடையாது, அங்கேயே உட்கார்ந்து குடிக்கலாம் என்றார்கள். எனக்கு ஏமாற்றம். பக்கத்தில் ஒரு வயதான தம்பதி. தங்கள் புட்டியிலிருந்து எனக்கு ஒரு குவளை ஊற்றிவிட்டு, “இதை எடுத்துப் போய் என்ன செய்வாய்? இந்தப் பழம் இந்த வருடத்துக்கு உரியது” என்றார் அந்தப் பெரியவர். குவளையை மூக்கருகே கொண்டு போனால் பழத்தைப் பிளந்து கொட்டையை எடுத்த அந்த நொடியின் வாசனை. நாவில் இனிப்பே இல்லை. வாசனை முழுக்கப் பழம், சுவை முழுக்கப் புளிப்பு. இரண்டும் எப்படி ஒரே குவளையில் இருக்கின்றன என்று யோசித்துக்கொண்டே குடித்து முடித்தேன்.

உங்களில் யாருக்கேனும் இப்படி ஒரு பியர் வாய்த்திருந்தால் எழுதுங்கள். விலையை எழுத வேண்டாம். எங்கே, யாரோடு, எப்படி என்று எழுதுங்கள்.


ராட்டர்டாமிலிருந்து

என்னுடையது லாம்பிக் அல்ல. ஆனாலும் இங்கே சொல்லத்தான் வேண்டும். வெஸ்ட்ஃப்ளேடெரன் 12.

பெல்ஜியத்தின் மேற்கு ஓரத்தில், ஹாப்ஸ் கொடி வளர்க்கும் போப்பெரிங்க வட்டாரத்தில் இருக்கிறது சின்ட் சிக்ஸ்டஸ் மடம். துறவிகள் மடத்தின் செலவுக்கு வேண்டிய அளவுக்கே காய்ச்சுகிறார்கள். கேட்பவர்கள் கூடிவிட்டார்கள் என்று கூட்டிக் காய்ச்சுவதில்லை. நான் வாங்கிய காலத்தில் புட்டியில் லேபிள் கிடையாது; மூடியின் நிறத்தை வைத்துத்தான் அடையாளம். மஞ்சள் மூடி என்றால் 12. 2005-இல் ஓர் இணையதளம் இதை உலகின் சிறந்த பியர் என்று அறிவித்த பிறகு மடத்து வாசலில் கார்கள் வரிசை கட்டின.

2019-இல்தான் இணையவழி முன்பதிவு வந்தது. அதற்கு முன்பு தொலைபேசிதான். நான் வாங்கியது அந்தக் காலத்தில். குறித்த நாளில், குறித்த நேரத்தில் அழைக்க வேண்டும். இரண்டு செவ்வாய்க்கிழமைகள் முழுக்க ‘பிஸி’ ஒலிதான் கேட்டது. மூன்றாவது வாரம் மறுமுனையில் ஒரு மனிதக் குரல் கேட்டதும் என்ன பேசுவதென்று தெரியாமல் விழித்தேன். கார் நம்பரைக் கேட்டார். சொன்னேன். நாளும் நேரமும் சொன்னார். முடிந்தது.

மரப்பெட்டியில் 24 புட்டிகள். மறுவிற்பனை செய்யக் கூடாது என்பது நிபந்தனை. ஊர் திரும்பியதும் அலுவலக நண்பர் ஒருவர் ஒரு புட்டிக்கு நான் கொடுத்ததைப் போல ஐந்து மடங்கு தருவதாகச் சொன்னார். அவரை அந்தச் சனிக்கிழமையே வீட்டுக்கு அழைத்து, விலையில்லாமல் இரண்டு புட்டிகள் திறந்தேன். கறுத்த நிறம், உலர்ந்த அத்தியும் கருப்பட்டியும் கலந்தாற்போல ஒரு வாசனை. ஆல்கஹால் 10.2 சதவீதம் என்பது எழுந்து நிற்கும்போதுதான் தெரிந்தது.

மடத்துக்கு எதிரே துறவிகளின் உணவகம் இருக்கிறது. பெட்டி கிடைக்காதவர்கள் அங்கே அமர்ந்து இதே பியரைக் குடிக்கலாம். அதற்குத் தொலைபேசி வேண்டியதில்லை. இதை எனக்கு முன்பே யாராவது சொல்லியிருக்கலாம்!


சென்னையிலிருந்து

முதல் பதிவில் அந்தப் பெரியவர் சொன்னதைப் படித்ததும் எனக்கு வயிறு பிசைந்தது. அதே ஃபூஃபூனை நான் ஆறு வருடம் பூட்டி வைத்திருந்தேன்.

மறுவிற்பனை செய்யும் ஒருவரிடமிருந்து இணையத்தில் வாங்கினேன். எவ்வளவு என்று சொல்ல மாட்டேன், நீங்களும் விலையை எழுத வேண்டாம் என்றுதானே சொல்லியிருக்கிறீர்கள். ஜெர்மனியிலிருந்து வந்த என் சித்தப்பா மகன் சட்டைகளுக்கு நடுவே சுற்றி எடுத்து வந்தான். புட்டி என் கைக்கு வந்தபோதே தக்கையைச் சுற்றி ஒட்டும் கறை இருந்தது. எங்கோ வெயிலில் நின்ற புட்டி அது என்று இன்று தெரிகிறது, அன்று தெரியவில்லை. ‘பழையதாக ஆக நன்றாகும்’ என்று யாரோ எழுதியதை நம்பி, பெண் பிறந்தால் திறப்பது, வீடு கட்டினால் திறப்பது என்று தள்ளிக்கொண்டே போனேன். பெண்ணும் பிறந்தாள். அப்போதும் மனம் வரவில்லை.

கடைசியில் காரணமே இல்லாத ஒரு வியாழக்கிழமை இரவு திறந்தேன். ஆப்ரிகாட் போயே போய்விட்டது. மிச்சம் இருந்தது கூரிய புளிப்பும் ஈர அட்டைப்பெட்டி வாடையும்தான். என் மனைவி ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, “இதற்கா இத்தனை வருடம் பிரிஜ்ஜில் பாதி இடத்தை அடைத்து வைத்தீர்கள்?” என்று கேட்டாள். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

கூஸ் இருபது வருடம்கூடத் தாங்கும் என்கிறார்கள், அது சரி. ஆனால் பழம் போட்டதைப் பதுக்காதீர்கள். பழ வாசனைதான் முதலில் விடைபெறும்.


கென்ட்டிலிருந்து (பெல்ஜியம்)

சென்னை அண்ணாவுக்கு: மனம் தளராதீர்கள். இருபது வயதான கூஸ் எப்படி இருக்கும் என்பதை நான் எழுதுகிறேன்.

பிரசல்ஸுக்கு மேற்கே பையோட்டன்லாண்ட் என்று ஒரு வட்டாரம். மேடும் பள்ளமுமாக வயல்கள், கோதுமை, பசுக்கள், ஊருக்கொரு தேவாலயக் கோபுரம். லாம்பிக்கின் தாய்வீடு அது. அங்கே ஐசெரிங்கன் என்ற சிற்றூரில், தேவாலயத்துக்கு எதிரே ஒரு மதுக்கடை. அதன் பெயரைத் தமிழில் சொன்னால் ‘பெருந்தாகக் காப்பீடு’. பூசை முடிந்து வருபவர்களுக்காக ஞாயிறு காலையிலும் திருநாட்களிலும் மட்டும் திறக்கும் பழக்கம். மூதாட்டி ஒருவர் முதுமை வரை நடத்தி வந்தார். 1999-இல் அவர் ஓய்வெடுத்தபோது மூடிப்போகாமல் இரண்டு சகோதரர்கள் எடுத்துக்கொண்டார்கள். கீழே நிலவறையில் கூஸும் செர்ரி போட்ட கிரீக்குமாகப் பழைய புட்டிகள் அடுக்கடுக்காக இருக்கின்றன.

நானும் கணவரும் ஒரு ஜனவரி ஞாயிறன்று போனோம். தாத்தா காலத்து மேசைகள், ஓரத்தில் கணப்பு, உள்ளூர்க்காரர்கள் நான்கு பேர் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். என்ன இருக்கிறது என்று கேட்டதற்கு ஒரு தடித்த பட்டியல் வந்தது. அதில் எங்கள் திருமண ஆண்டு இருந்தது. அதைக் கேட்டோம்.

புட்டியை நிமிர்த்தியே கொண்டு வரவில்லை. நிலவறையில் எப்படிப் படுத்திருந்ததோ அப்படியே, பிரம்புக் கூடையில் சாய்ந்தபடி வந்தது. கீழே தங்கிய வண்டல் கலங்கக் கூடாது. கண்ணாடியின் மேல்பக்கம் வெள்ளைச் சுண்ணக் கோடு ஒன்று. எந்தப் பக்கம் மேலே என்பதற்கான அடையாளம், லேபிள் இல்லாத காலத்துப் பழக்கம் அது. கூடையிலேயே வைத்துத் தக்கையைச் சுழற்றி எடுத்தார் கடைக்காரர். சத்தமே இல்லை, ஒரு பெருமூச்சு மட்டும். சாய்ந்த புட்டியை நிமிர்த்தாமல் இரண்டு குவளைகளையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே சாய்வில் நிரப்பினார். பழைய பித்தளைக் குத்துவிளக்கின் நிறம். இருபது வருடம் கழித்தும் மெல்லிய குமிழிகள் நூல் பிடித்து மேலே ஏறின. இளசில் இருக்கும் கூர்மை போய், புளிப்பு உருண்டு மழுங்கியிருந்தது. நார்த்தங்காய் ஊறுகாய் பழசாகப் பழசாக உப்பும் புளிப்பும் ஒன்றாகிப் போவதைப் போல.

சீட்டாடியவர்களில் ஒருவர் எழுந்து வந்து, எந்த வருடம் என்று கேட்டார். சொன்னோம். அவருக்கும் ஒரு வாய் கொடுத்தோம். மதியம் தேவாலய மணி அடிக்கும் வரை பேசிக்கொண்டிருந்தோம். அவர் பேசியது ஃப்ளெமிஷ் வட்டார வழக்கு. எனக்குப் பாதிதான் புரிந்தது.


மீண்டும் பிரசல்ஸிலிருந்து

கென்ட் சகோதரியின் பகிர்வை இரண்டு முறை படித்தேன். நன்றி. அதைப் படித்தபோது ட்ரீ ஃபொன்டெய்னன் நினைவுக்கு வந்தது.

பேர்செல் ஊரில் அர்மான் டெபெல்டர் என்பவர் கட்டிக் காத்த கூஸ் ஆலை அது. 2009 மே மாதம், புட்டிகள் நொதிக்கும் கதகதப்பான அறையின் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி பழுதாகிவிட்டது. அறை கொதித்தது. ஆயிரக்கணக்கான புட்டிகள் வெடித்தன. வெடிக்காத பல்லாயிரம் புட்டிகள் உள்ளேயே வெந்து வீணாயின. மூன்று வருடம் காத்துக் கலந்தவை எல்லாம் ஒரேயடியாகப் போயின. தொழில் பிழைக்காது என்றுதான் பலரும் நினைத்தார்கள். தொண்டர்கள் வந்து ஒவ்வொரு புட்டியாகத் திறந்து ஊற்றித் தர, வீணான கூஸைக் காய்ச்சி வடித்துச் சாராயமாக்கி விற்றார். பீப்பாய்களில் தப்பியதைக் கொண்டு நான்கு பருவங்களின் பெயரில் நான்கு கலவைகள் வெளியிட்டார். இன்றைக்குச் சேகரிப்பாளர்கள் உயிரைக் கொடுத்துத் தேடுவது அந்த நான்கைத்தான். 2012-இல் மறுபடியும் சொந்தமாகக் காய்ச்சத் தொடங்கினார்கள். 2022-இல் அவர் காலமானார்.

அந்த நான்கில் வசந்தத்தின் பெயர் கொண்டதை ஒரே ஒரு முறை குடித்திருக்கிறேன். நண்பர் வீட்டில் எட்டுப் பேர், ஆளுக்கு ஒரு சிறு குவளை. ஊற்றும்போது யாரும் பேசவில்லை. அன்று எனக்கு ருசியைவிட அந்த 2009-தான் தொண்டையில் நின்றது. நல்ல பியர்தான், மிக நல்ல பியர். ஆனால் அந்தக் கதை தெரியாதவர் கையில் இருந்திருந்தால் அந்த மௌனம் இருந்திருக்காது.

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. 2015 நவம்பரில் இரவுகள் வழக்கத்துக்கு மாறாக வெதுவெதுப்பாக இருந்ததால் கான்டியோன் காய்ச்சுவதை நிறுத்தி வைக்க நேர்ந்தது. குளிர் இல்லாவிட்டால் சாறு மெல்ல ஆறும், வேண்டாத கிருமி முந்திக்கொள்ளும். இனி இந்த பியரின் அளவைத் தீர்மானிக்கப்போவது அந்த இரவுகள்தான். குளிர் அடிக்கும் இரவுகளில் ஜன்னலைத் திறந்து கையை வெளியே நீட்டிப் பார்க்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது.


துபாயிலிருந்து

டிசம்பரில் நான்கு நாள் பிரசல்ஸ் வருகிறேன். இதற்கு முன் லாம்பிக் குடித்ததே இல்லை. எங்கிருந்து தொடங்குவது?


பிரசல்ஸிலிருந்து

வாருங்கள். புகழ்பெற்ற பெயர்களைப் பட்டியல் போட்டுக்கொண்டு வராதீர்கள். முதல் நாள் நகரத்தில் ஏதாவது ஒரு நல்ல கடையில் பூன் அல்லது டில்கன் கூஸ் ஒரு சின்னப் புட்டி கேளுங்கள். இரண்டும் எளிதாகக் கிடைக்கும், இரண்டும் அருமை. கூடவே பாலாடைக்கட்டி ஒரு தட்டு சொல்லுங்கள். வெறும் வயிற்றில் வேண்டாம். அடுத்த நாள் கான்டியோன் போய் அந்த மண்ஜாடி லாம்பிக்கைக் குடியுங்கள். அதன் பிறகும் பிடித்திருந்தால் ஞாயிற்றுக்கிழமையை ஐசெரிங்கனுக்கு ஒதுக்குங்கள். காலையிலேயே கிளம்பிவிடுங்கள், ஞாயிறன்று அந்தப் பக்கம் பஸ் குறைவு. நான்காவது நாள் காலியாக இருந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். வீட்டில் ஒரு கூஸ் படுத்திருக்கிறது, தனியாகத் திறக்க எனக்கு மனமில்லை.