புதுப்பிப்பு: மேக் நிறுவி ஒன்றா, இரண்டா?

அச்சகங்களுக்கான எங்கள் பில் மென்பொருளை இன்டெல் சிப் உள்ள மேக்குக்கு ஒன்று, ஆப்பிளின் சொந்தச் சிப்பான ஆப்பிள் சிலிக்கன் உள்ள மேக்குக்கு ஒன்று எனப் பிரித்துக் கொடுப்பதா, இரண்டும் அடங்கிய யுனிவர்சல் கோப்பாகக் கொடுப்பதா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பலர் சொன்னபடி பிரித்தேன். அது தவறு.

கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சக அண்ணா இரண்டு நாள் அல்லாடினார். அவருடையது இன்டெல் மேக். இறக்கியதோ ஆப்பிள் சிலிக்கன் கோப்பு. திறக்கவே இல்லை. மாறி நடந்திருந்தால், இன்டெல் நிரலை ஆப்பிள் சிலிக்கனில் ஓட வைக்கும் ஆப்பிளின் ரொசெட்டா 2 சமாளித்திருக்கும். இந்தப் பக்கம் அந்த வசதி கிடையாது.

"தம்பி, என்ர மெஷினுக்குள்ள என்ன சிப் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?" என்றார். நியாயமான கேள்வி. 2020 நவம்பரில் மேக்குக்கான முதல் ஆப்பிள் சிலிக்கன் சிப்பான எம்1 வந்த பிறகும் ஆப்பிள் சில இன்டெல் மேக்குகளை விற்றது. வாங்கிய ஆண்டை வைத்தும் சொல்ல முடியாது.

அதனால் யுனிவர்சலுக்கு மாறிவிட்டேன். பயந்த அளவுக்குக் கோப்பு பெரிதாகவில்லை: இயங்கு நிரல் மட்டும்தான் இரட்டிக்கிறது; எழுத்துருக்களும் படங்களும் ஒரே பிரதிதான். அப்புறம், போன் டேட்டாவில் இறக்குபவர்களுக்காக ஒன்று செய்தேன். முதல் நிறுவல்தான் யுனிவர்சல். அதன்பின் சிப் எதுவென்று மென்பொருளுக்கே தெரியும், புதுப்பிப்புகள் அதற்குரிய சிறிய கோப்பாகவே போகும்.

விண்டோஸுக்கு வழக்கம்போல் தனி நிறுவி.