என்.எம்.எம்.எஸ்.: மேட் நன்றாகப் போடுகிறார்கள், சாட்டில் விழுகிறார்கள். பயிற்சியை எப்படி மாற்றலாம்?

ஊராட்சிப்பள்ளி எழுதியது:

வணக்கம். ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளி, தமிழ்வழி. எட்டாம் வகுப்பில் பன்னிரண்டு பிள்ளைகள் இந்த வருடம் என்.எம்.எம்.எஸ். தேர்வு (ஒன்பதாம் வகுப்பிலிருந்து மத்திய அரசு உதவித்தொகை பெறுவதற்கான தேர்வு) எழுதுகிறார்கள். பள்ளி விட்டதும் ஒரு மணி நேரம், சனிக்கிழமை காலை முழுக்கப் பயிற்சிக்குக் கிடைக்கிறது. தேர்வுக்குச் சுமார் மூன்று மாதம் இருக்கிறது.

மாதிரித் தேர்வில் மேட் (மனத்திறன்) தாளில் ஐம்பது, ஐம்பத்தைந்து என்று எடுக்கிறவர்கள் சாட் (பாட அறிவு) தாளில் முப்பத்தைந்தைத் தாண்டுவதில்லை. பாடம் நடத்தியாகிவிட்டது, புத்தகப் பின்பக்க வினாக்களையும் ஒப்பித்துவிடுகிறார்கள். அப்படியும் ஏறவில்லை.

மேட்டில் கடிகாரம், நாள்காட்டி, பகடை, ஆங்கில எழுத்துக் குறியீடு ஆகியவற்றில்தான் திணறல். இதற்கு எளிய வழி இருக்கிறதா? தவிர, இரண்டு தாளிலும் தனித்தனியாக 40 சதவீதம் வேண்டும் என்கிறார்கள் சிலர், சேர்த்துப் போதும் என்கிறார்கள் சிலர். எது சரி? பெற்றோரிடம் இப்போதே என்னென்ன தாள்களைத் தயார் செய்யச் சொல்ல வேண்டும்?

கரும்பலகை எழுதியது:

முதலில் கட் ஆஃப் விஷயம். மத்திய அரசின் வழிகாட்டுதல்படி இரண்டு தாளையும் சேர்த்து 40 சதவீதம், அதாவது 180-க்கு 72. எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 32 சதவீதம், 58 வரும். ஆனால் அது தகுதி மதிப்பெண்தான். தமிழ்நாட்டுக்கு ஒதுக்கப்பட்டவை 6,695 இடங்கள். அதையும் இடஒதுக்கீட்டின்படி பிரித்துத்தான் தேர்வுப் பட்டியல் போடுகிறார்கள். 72 எடுத்துவிட்டு உதவித்தொகை வரும் என்று பிள்ளைகள் காத்திருக்கக் கூடாது. இலக்கை நூறுக்கு மேலேயே வையுங்கள்.

இப்போது சாட். 90 மதிப்பெண்ணில் அறிவியல் 35, சமூக அறிவியல் 35, கணக்கு 20. பல பள்ளிகளில் பயிற்சி நேரத்தில் பாதிக்கு மேல் மேட்டுக்கும் கணக்குக்கும் போய்விடுகிறது. அறிவியலும் சமூகமும் சேர்ந்து எழுபது மதிப்பெண் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மேட் ஒரு கட்டத்துக்கு மேல் ஏறாது. சமூக அறிவியல் ஏறும், உழைத்த அளவுக்கு ஏறும்.

பின்பக்க வினா போதாததற்குக் காரணம் இதுதான். நான்கு விடை கொடுக்கும் தேர்வில் சரியான விடை தெரிந்தால் மட்டும் போதாது. அதைப் போலவே இருக்கிற மற்ற மூன்றும் ஏன் இல்லை என்று தெரிய வேண்டும். ஒப்பித்த பிள்ளைக்கு ‘இரயத்துவாரி, தாமஸ் மன்றோ’ என்று வரும். கேள்வித்தாளிலோ மூன்று நிலவரி முறைகளையும் கலந்து, பொருத்துக என்று கேட்பார்கள். அதனால் தனித்தனி விடையாகச் சொல்லித்தராமல், குழம்பக்கூடியவற்றை ஒரே கட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் எழுத வையுங்கள்:

நிலையான நிலவரித் திட்டம்: 1793, காரன்வாலிஸ், வரி கட்டும் பொறுப்பு ஜமீன்தாருக்கு.
இரயத்துவாரி: 1820, மன்றோ, பொறுப்பு நேரடியாக விவசாயிக்கு.
மகல்வாரி: பொறுப்பு கிராமத்துக்கு மொத்தமாக.

பிறகு ஒரு கட்டத்தை மட்டும் மறைத்துக் கேளுங்கள். ‘யார் வரி கட்டினார்கள்’ என்பதை மறைத்தால் ஒரு நாள், ஆண்டை மறைத்தால் இன்னொரு நாள். ஆண்டு வரிசைக்கும் இதே முறைதான்: இரண்டாம் தரைன் 1192, முதல் பானிபட் 1526, தலைக்கோட்டை 1565, பிளாசி 1757, பக்சார் 1764, வேலூர்ப் புரட்சி 1806. போரை எழுதி, யாருக்கும் யாருக்கும், யார் வென்றார் என்று இரண்டு பத்தி சேர்த்தால் அதிலிருந்தே பதினைந்து கேள்வி எடுக்கலாம்.

அறிவியலில் குழப்ப ஜோடிகள்தான் மதிப்பெண்ணைத் தின்கின்றன. குழியாடி, குவியாடி: பல் மருத்துவர் கையில் இருப்பது குழியாடி, வண்டியில் பின்னால் வருவதைக் காட்டுவது குவியாடி. அம்மீட்டர் தொடர் இணைப்பில், வோல்ட்மீட்டர் பக்க இணைப்பில். மின்னூட்டத்துக்குக் கூலூம், மின்னோட்டத்துக்கு ஆம்பியர். மருத்துவ வெப்பநிலைமானி 35 முதல் 42 டிகிரி செல்சியஸ் வரை மட்டுமே காட்டும், ஆய்வகத்தில் உள்ளது அப்படியல்ல. இந்த மாதிரி ஜோடிகளைப் பாடத்துக்குப் பாடம் பிள்ளைகளே தேடி எழுதட்டும்.

இன்னொரு வேலை. ஒரு பக்கத்தைப் படித்ததும் ஒவ்வொரு பிள்ளையும் மூன்று கேள்விகள் தயாரிக்க வேண்டும், நான்கு விடைகளோடு. தவறான மூன்று விடைகளையும் அதே பாடத்திலிருந்துதான் எடுக்க வேண்டும் என்பது கண்டிப்பு. ‘அக்பர், பாபர், ஷெர்ஷா, நேரு’ என்று எழுதினால் திருப்பிக் கொடுங்கள். தவறான விடையைத் தேடுகிற வேலையிலேயே பாடத்தை இரண்டு தடவை படித்துவிடுவார்கள். பெட்டிச் செய்திகள், படத்துக்குக் கீழே உள்ள வரிகள், வரைபடம் எதையும் விட வேண்டாம்.

ஏழாம் வகுப்புப் புத்தகங்களை வாங்கி வைத்திருக்கிறீர்களா? கேள்விகளில் பெரும்பங்கு அங்கிருந்து வரும். எட்டாம் வகுப்பு ஆசிரியர் எட்டையே நடத்திக்கொண்டிருந்தால், ஏழாம் வகுப்பின் மூன்று பருவமும் அப்படியே மறந்து கிடக்கும். என் கணக்கில் வாரத்துக்கு இரண்டு நாள் சமூகம், ஒன்றரை நாள் அறிவியல், அரை நாள் கணக்கு, ஒரு நாள் மேட். சனிக்கிழமை முழுத்தாள்.

எண்தொடர் எழுதியது:

கரும்பலகை சார் சொன்ன நேரப் பங்கீட்டில் எனக்கு உடன்பாடு, ஒன்றைத் தவிர. முதல் மாதத்தில் மேட்டுக்கு இரண்டு நாள் கொடுங்கள். வகைகள் எல்லாம் ஒரு சுற்று முடிந்த பிறகு ஒரு நாளாகக் குறைக்கலாம். பாதி வகைகளைப் பார்க்காமலே மாதிரித் தேர்வுக்குப் போனால், பிள்ளை தனக்குத் தெரியாததிலேயே நேரத்தைக் கொட்டிவிடும்.

நீங்கள் கேட்ட நான்கையும் சொல்கிறேன்.

ஆங்கில எழுத்து: தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு எழுத்தின் வரிசை எண் தெரியாததுதான் சிக்கல், குறியீடு அல்ல. இ, ஜே, ஓ, டி, ஒய் ஐந்தும் முறையே 5, 10, 15, 20, 25. இவற்றை மட்டும் மனப்பாடம் செய்தால் மற்றதற்கு இரண்டு எழுத்து முன்னே பின்னே எண்ணினால் போதும். எதிர் எழுத்துக்கு (கடைசியிலிருந்து எண்ணினால் அதே இடத்தில் வரும் எழுத்து) 27-லிருந்து கழிக்க வேண்டும்: இ ஐந்து, எதிர் எழுத்து 22, அதாவது வி. தேர்வு தொடங்கியதும் வினாத்தாளில் வேலை பார்க்கும் இடத்தில் 26 எழுத்தையும் எண்ணையும் எழுதிக்கொள்ளப் பழக்குங்கள். ஒரு நிமிடம் கூட ஆகாது, பத்து கேள்விக்கு உதவும்.

கடிகாரம்: 3 மணி 20 நிமிடத்தில் முட்களுக்கு இடையே கோணம் எவ்வளவு என்றால், பெரும்பாலான பிள்ளைகள் 30 என்பார்கள். மணி முள் 3-லேயே நிற்பதாக நினைப்பதால் வரும் தவறு. மணி முள் நிமிடத்துக்கு அரை டிகிரி நகரும். 3 மணிக்கு 90, இருபது நிமிடத்துக்கு 10, ஆக 100. நிமிட முள் நிமிடத்துக்கு 6 டிகிரி, ஆக 120. விடை 20. கண்ணாடியில் தெரியும் நேரம் என்றால் 11 மணி 60 நிமிடத்திலிருந்து கழிக்க வேண்டும்: 4.25 என்றால் 7.35.

நாள்காட்டி: சூத்திரம் வேண்டாம், ஏழால் வகுத்த மீதி போதும். 1947 ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமை. 1950 ஜனவரி 26 என்ன கிழமை? 1949 ஆகஸ்ட் 15 வரை இரண்டு வருடத்துக்கு இரண்டு நாள், நடுவில் 1948 லீப் வருடம் என்பதால் ஒன்று கூட, மொத்தம் மூன்று: திங்கள். அங்கிருந்து ஆகஸ்டில் 16, செப்டம்பர் 30, அக்டோபர் 31, நவம்பர் 30, டிசம்பர் 31, ஜனவரி 26, மொத்தம் 164. ஏழால் வகுத்தால் மீதி 3. திங்களிலிருந்து மூன்று நாள்: வியாழன். தவறு வருவது இரண்டே இடத்தில். தொடங்கிய நாளையும் சேர்த்து எண்ணுவது ஒன்று. பிப்ரவரி 29 இடையில் வருகிறதா என்று பார்க்காமல் லீப் வருடம் என்றதுமே ஒன்று கூட்டிவிடுவது இன்னொன்று.

பகடை: எதிர்ப்பக்கங்களின் கூட்டுத்தொகை ஏழு என்று பிள்ளைகள் தாமாகவே எடுத்துக்கொள்வார்கள். கேள்வியில் ‘சாதாரண பகடை’ என்று இல்லாவிட்டால் அப்படி எடுக்கக் கூடாது. இரண்டு படத்திலும் பொதுவாக ஒரே ஓர் எண் இருந்தால் அதிலிருந்து கடிகாரச் சுற்றில் எழுதுங்கள். முதல் படம் 1, 2, 3. இரண்டாவது 1, 4, 5 என்றால் 2-க்கு எதிரே 4, 3-க்கு எதிரே 5, மிஞ்சிய 6 ஒன்றுக்கு எதிரே. அட்டைப் பெட்டியில் எண் எழுதி ஒரு தடவை கையில் கொடுத்துத் திருப்பிப் பார்க்க விடுங்கள், அதற்குப் பிறகு விதி நிற்கும்.

எண் தொடரில் வித்தியாசம் எடுத்தும் பிடிபடாவிட்டால் வர்க்கம், கனத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 0, 7, 26, 63, 124 என்பது கனத்தில் ஒன்று குறைவு, அடுத்தது 215. இருபத்தைந்து வரை வர்க்கமும் பன்னிரண்டு வரை கனமும் வாய்ப்பாடு மாதிரி வர வேண்டும்.

ஊராட்சிப்பள்ளி எழுதியது:

இருவருக்கும் நன்றி. ஏழாம் வகுப்புப் புத்தகங்களைக் கேட்டு வாங்கிவிடுகிறேன். சனிக்கிழமைத் தாளைத் திருத்திக் கொடுத்த பிறகு அதை வைத்து என்ன செய்வது என்று சொல்லுங்கள். இப்போது விடை சொல்லி முடித்துவிடுகிறோம். வண்ணம் பூசிய கனசதுரமும் ஒரு வரி சொன்னால் நல்லது.

எண்தொடர் எழுதியது:

பக்கத்தை நான்காக வெட்டினால் 64 துண்டு. மூன்று பக்கம் வண்ணம்: மூலைகள், எப்போதும் 8. இரண்டு பக்கம்: 12 விளிம்பு, ஒவ்வொன்றிலும் மூலை போக 2, ஆக 24. ஒரு பக்கம்: 6 முகம், ஒவ்வொன்றிலும் நடுவில் 4, ஆக 24. வண்ணமே இல்லாதது உள்ளே 2×2×2, ஆக 8. கூட்டினால் 64 வர வேண்டும், வராவிட்டால் தவறு.

கரும்பலகை எழுதியது:

திருத்திய தாளில் தவறான ஒவ்வொரு கேள்விக்குப் பக்கத்திலும் பிள்ளையே ஓர் எழுத்து போடட்டும். ‘தெ’ என்றால் தெரியாது, ‘கு’ என்றால் குழம்பியது, ‘அ’ என்றால் அவசரம். ‘தெ’ அதிகம் என்றால் அந்தப் பாடத்தைத் திரும்பப் படிக்க வேண்டும். ‘கு’ என்றால் மேலே சொன்ன கட்டம். ‘அ’ பெரும்பாலும் ‘தவறான கூற்று எது’, ‘பொருந்தாதது எது’ மாதிரிக் கேள்விகளில் வரும்; அந்தச் சொல்லுக்கு அடிக்கோடு போட்டுவிட்டுத்தான் விடைகளைப் பார்க்க வேண்டும். கூற்று காரணம் வகையில் இரண்டும் தனித்தனியே சரியா என்று முதலில், பிறகு ‘ஏனென்றால்’ என்று நடுவில் போட்டுப் படித்து ஒட்டுகிறதா என்று. பன்னிரண்டு பேரும் ஒரே கேள்வியில் ‘தெ’ போட்டிருந்தால் பிள்ளைகளைச் சொல்லிப் பயனில்லை, வகுப்பில் அந்தப் பகுதி விட்டுப்போயிருக்கிறது.

ஓ.எம்.ஆர். தாளை (வட்டங்களை நிரப்பும் விடைத்தாள்) நகல் எடுத்து ஒவ்வொரு சனிக்கிழமையும் அதிலேயே எழுத வையுங்கள். தெரியாத கேள்வியைத் தாண்டிப் போகும்போது விடைத்தாளில் அந்த வரிசையைத் தாண்ட மறப்பதுதான் பெரிய ஆபத்து. அங்கிருந்து எல்லாமே ஒரு வரிசை மாறிவிடும். பத்து கேள்விக்கு ஒரு முறை எண்ணைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். தவறுக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது, அதனால் ஒரு வட்டமும் காலியாக இருக்கக் கூடாது. 90 நிமிடத்தில் முதல் சுற்றை எழுபதுக்குள் முடித்து, விட்டதற்குப் பதினைந்து, கடைசி ஐந்தில் காலி வட்டங்கள்.

அலுவலகமேசை எழுதியது:

தாள்கள் பற்றி யாரும் சொல்லவில்லை. தேர்வில் வென்ற பிள்ளைக்குப் பணம் வராமல் போவது பெரும்பாலும் இங்கேதான்.

பெற்றோர் ஆண்டு வருமானம் 3,50,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. வருமானச் சான்றும் சாதிச் சான்றும் இ-சேவை மூலம் இப்போதே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள், கடைசி வாரத்தில் ஓடினால் கிடைக்காது. ஏழாம் வகுப்பில் 55 சதவீதம், எஸ்.சி., எஸ்.டி. என்றால் 50 சதவீதம் இருக்கிறதா என்று பதிவேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதைவிட முக்கியம் பெயர். எமிஸ் (பள்ளிக் கல்வித்துறையின் இணைய மாணவர் பதிவு), ஆதார், வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்க வேண்டும். தலைப்பெழுத்து ஓரிடத்தில் முன்னால், ஓரிடத்தில் பின்னால், ஓரிடத்தில் அப்பா பெயர் முழுதாக என்று இருக்கும். தேர்வுப் பட்டியலில் எமிஸ் பெயர்தான் வரும். தேசிய உதவித்தொகை இணையதளத்தில் பதியும்போது ஆதாரோடு ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே நின்றுவிடும். ஆதாரைத் திருத்துவதற்கு ஆகும் நாளைவிட எமிஸில் திருத்துவது விரைவு, ஆதார் சரியாக இருந்தால் எமிஸை அதற்கு ஏற்ப மாற்றிவிடுங்கள். கணக்கு பிள்ளையின் பெயரில் இருக்க வேண்டும், ஆதாரோடு இணைத்திருக்க வேண்டும். பாஸ்புக் இருந்தால் மட்டும் போதும் என்று பெற்றோர் நினைப்பார்கள். மானியம் வரும் கணக்காக ஆதாரில் பதிவாகியிருக்கிறதா என்று வங்கியில் கேட்டு உறுதி செய்யச் சொல்லுங்கள்.

வென்ற பிறகு ஆண்டுக்கு 12,000 ரூபாய், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை. ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். எட்டாம் வகுப்பில் 55 சதவீதம், பத்தாம் வகுப்பில் 60 சதவீதம் வேண்டும்; எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு இரண்டிலும் ஐந்து சதவீதம் தளர்வு. உங்கள் பிள்ளைகள் எட்டு முடித்து வேறு உயர்நிலைப்பள்ளிக்குப் போவார்கள் என்பதால், அங்கே புதிய பள்ளிதான் விண்ணப்பத்தைச் சரிபார்த்து அனுப்ப வேண்டும். மாற்றுச் சான்றிதழ் கொடுக்கும் நாளில் தேர்வான பிள்ளையின் பதிவெண், மதிப்பெண் விவரத்தைத் தாளில் எழுதிப் பெற்றோர் கையில் கொடுங்கள், புதிய தலைமையாசிரியருக்கும் ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். தனியார் பள்ளியில் சேர்த்தால் உதவித்தொகை நின்றுவிடும் என்பதையும் சேர்க்கைக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.